தறிவீட்டுக்கும் சங்கம் உண்டு

காஞ்சிபுரத்தில் தொழிற்சங்கம் என்ற பேச்சை எடுத்தால் இரண்டு விதமான பதில் வரும். பிள்ளையார்பாளையத்துத் தறிவீடுகளில், "அதெல்லாம் கம்பெனிக்காரங்களுக்கு, நமக்கெதுக்கு?" என்பார்கள். முப்பது கிலோமீட்டர்கூட இல்லாத சுங்குவார்சத்திரத்துத் தொழிற்சாலைகளைப் பற்றிப் பேச்சு திரும்பினால், "சங்கம் வந்தா கம்பெனி போயிடும்" என்பார்கள். ஒரே மாவட்டத்தில், பல வீடுகளில் அப்பா தறியிலும் பிள்ளை கம்பெனியிலும் இருக்கிற காலத்தில், இந்த இரண்டு பேச்சையும் சரிபார்க்காமல் விட்டால் நஷ்டம் இரண்டு தலைமுறைக்கும்தான்.

நம்பிக்கை: தறி சொந்தமாக இருந்தால் அவர் முதலாளி. அவருக்குச் சங்கம் பொருந்தாது.

தறியும் அது நிற்கிற குழியும் நெசவாளருடையவை. ஆனால் பாவு, ஊடை, ஜரிகை மூன்றும் நெய்யக் கொடுத்து வாங்குகிற வியாபாரியான மாஸ்டர் வீவரிடமிருந்து வருகின்றன. டிசைன் அவர் சொல்வது, விற்பனை விலை அவர் வைப்பது. நெசவாளர் கைக்கு வருவது சேலைக்கு இவ்வளவு என்ற கூலி மட்டும்.

அந்தக் கூலிக்குள் என்னென்ன அடங்குகிறது என்று பாருங்கள். கோர்வைச் சேலைக்கு உடலுக்கு ஒரு நாடா, இரண்டு கரைக்கு இரண்டு நாடா என்று மூன்று நாடா ஓட வேண்டும். ஒரு கரையின் நாடாவைத் தள்ளிக்கொடுக்கப் பக்கத்திலேயே ஓர் ஆள் உட்கார்ந்திருக்க வேண்டும். பெரும்பாலும் அது மனைவி அல்லது மகள். முந்தி வேறு நிறமென்றால், உடல் பாவின் இழை ஒவ்வொன்றோடும் முந்திப் பாவின் இழையைப் பிணைக்கிற பெட்னி வேலை தனி. இத்தனைக்கும் ஒரே கூலி, ஒரே பெயரில். பாவு தீர்ந்து அடுத்த பாவு வரும்வரை தறி சும்மா கிடக்கும். அந்த நாள்களுக்குக் காசில்லை. சேலையில் கறை பட்டாலோ இழை விட்டுப்போனாலோ கூலியில் பிடித்தம்.

முன்பணம் வாங்கியிருந்தால் கட்டு இன்னும் இறுகும். கடன் தீராமல் வேறு இடத்துக்குத் தறியை மாற்ற முடியாது. மாற்ற முடியாதவர் கூலி பேசவும் முடியாது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2003இல் வெளியிட்ட அறிக்கை, பெற்றோர் வாங்கிய முன்பணத்துக்காகக் காஞ்சிபுரத்துப் பட்டுத் தறிகளில் உழைத்த குழந்தைகளைப் பற்றி விரிவாகப் பேசியது. கொத்தடிமை ஒழிப்புச் சட்டம் வந்தது 1976இல்! சட்டம் வந்து இருபத்தைந்து ஆண்டுக்கு மேலாகியும் அந்தக் கடனைக் கேள்வி கேட்க யாரும் தனியாளாக முன்வர முடியவில்லை என்பதுதான் எனக்கு இதில் மிகவும் வலிக்கிற செய்தி.

சட்டம் இங்கே நெசவாளருக்குத் தடையாக நிற்கவில்லை. 1926ஆம் ஆண்டுத் தொழிற்சங்கச் சட்டப்படி ஏழு பேர் சேர்ந்து சங்கப் பதிவுக்கு விண்ணப்பிக்க முடிந்தது. அதன் இடத்துக்கு வந்த 2020ஆம் ஆண்டுத் தொழிலுறவுச் சட்டத் தொகுப்பிலும் அந்த ஏழு பேர் கணக்கு தொடர்கிறது. "முதலாளி யாரென்றே தெரியாதவர்களுக்குச் சங்கமா?" என்ற கேள்விக்கு அகமதாபாத் பெண்கள் பதில் சொல்லி அரை நூற்றாண்டு ஆயிற்று. வீட்டிலிருந்து தைப்பவர்கள், தலைச்சுமைக்காரர்கள், தெருவில் விற்பவர்கள் எல்லோரையும் சேர்த்து இளா பட் தொடங்கிய ‘சேவா’ அமைப்பைப் பதிவு செய்ய அதிகாரிகள் முதலில் தயங்கினார்கள். எதிரே முதலாளி இல்லையே என்பது அவர்கள் வாதம். சங்கம் உழைப்பவர்களின் ஒற்றுமைக்காக, அதற்கு எதிராளி கட்டாயமில்லை என்று பெண்கள் வாதாடி, 1972இல் பதிவு பெற்றார்கள். காஞ்சி நெசவாளருக்கோ எதிரே யார் என்பது நன்றாகவே தெரியும்.

நம்பிக்கை: சொசைட்டி இருக்கிறதே, தனியாகச் சங்கம் எதற்கு?

கூட்டுறவின் அருமையை இந்த ஊருக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. கோ-ஆப்டெக்ஸ் 1935இல் தொடங்கப்பட்டது. நெசவாளர் குடும்பத்தில் பிறந்த அண்ணா, கைத்தறித் துணி தேங்கிக் கிடந்த 1953இல் திருச்சித் தெருக்களில் தோளில் சுமந்து விற்றார். இன்று அவர் பெயரிலேயே காஞ்சியில் பட்டுக் கூட்டுறவுச் சங்கம் இருக்கிறது. காமாட்சியம்மன், முருகன், திருவள்ளுவர் பெயர்களிலும் சங்கங்கள் உண்டு. பாவு முதல் ஜரிகை வரை கொடுத்து, நிர்ணயித்த கூலி கொடுத்து, தீபாவளிக்குப் போனஸும் கொடுக்கிற அமைப்பு தனியாரிடம் கிடைப்பதைவிட மேல் என்பதில் ஐயமில்லை.

ஆனால் சொசைட்டி ஒரு வியாபார நிறுவனமும்கூட. சேலை விற்றால்தான் அதற்கு உயிர். கிடங்கில் சரக்குத் தேங்கினால், தள்ளுபடிக்கான மானியம் அரசிடமிருந்து வரத் தாமதமானால், உறுப்பினருக்குப் பாவு குறையும். அப்போது உறுப்பினர் யாரிடம் முறையிடுவார்? கூலி கொடுப்பவரும் பேச வேண்டியவரும் ஒரே நிர்வாகமாக இருக்கும்போது, தனியாகக் கேட்க ஒரு குரல் வேண்டியிருக்கிறது. உறுப்பினராக இல்லாமல் தனியாருக்கு நெய்பவர்களுக்கோ சொசைட்டியின் எந்தக் கதவும் திறப்பதில்லை. அவர்களுக்கு இருக்கிற முக்கியமான பொதுப் பிடி, கைத்தறி மற்றும் கைத்தறிப் பட்டு நெசவுத் தொழிலாளர் நல வாரியம். அதிலும் பதிவு செய்தால்தான் பயன். விண்ணப்பத்தை நிரப்பி, சான்று வாங்கி, புதுப்பிக்கும் தேதியை நினைவூட்டுகிற அன்றாட வேலையைச் செய்ய ஆள் வேண்டும். சங்கத்தின் பெரும்பகுதி உழைப்பு இதுதான். கொடியும் கோஷமும் வெளியே தெரிகிற சிறு பகுதி.

நம்பிக்கை: கூலி கேட்டால் தறி ஊரைவிட்டுப் போய்விடும்.

இதில் உண்மை நிறைய இருக்கிறது. அதை மறைத்துச் சங்கத்தைப் புகழ்வது நெசவாளருக்குச் செய்கிற துரோகம்.

ஆலையை ஒரே இரவில் பெயர்த்துக்கொண்டு போக முடியாது. பாவை ஒரு வண்டியில் ஏற்றி ஆரணிக்கோ சுற்றுக் கிராமங்களுக்கோ அனுப்பிவிடலாம். ஒரு தெருவில் மட்டும் சங்கம் வைத்துக் கூலி உயர்த்தினால், வேலை அடுத்த தெருவுக்குப் போகும். பின்னால் விசைத்தறி நிற்கிறது. சில வகைத் துணிகளைக் கைத்தறிக்கென ஒதுக்கிய 1985ஆம் ஆண்டுச் சட்டம் இருந்தும், கைத்தறி என்ற பெயரில் விசைத்தறிச் சேலை விற்கப்படுவது நின்றபாடில்லை. சிறு மாஸ்டர் வீவர்களின் நிலையையும் சொல்ல வேண்டும். கடன் வாங்கிய பணம் கர்நாடகப் பட்டிலும் சூரத் ஜரிகையிலும் முடங்கியிருக்கும். முகூர்த்த மாதத்தில் இரண்டு வாரம் தறி நின்றால் பெரிய கடை தாங்கும். பத்துத் தறிக்குப் பாவு கொடுப்பவர் தாங்க மாட்டார்.

ஆனால் இதே காரணம்தான் ஊர் முழுவதற்கும், முடிந்தால் ஆரணி வரைக்கும், ஒரே கூலி ஒப்பந்தம் வேண்டும் என்று சொல்லவைக்கிறது. நியாயமான கூலி கொடுக்கிற வியாபாரியை இன்று வீழ்த்துவது கூலியைக் குறைத்துக் கொடுக்கிற பக்கத்து வியாபாரி. எல்லோருக்கும் ஒரே கூலி என்றானால், போட்டி டிசைனிலும் நெசவிலும் நடக்கும். நல்ல முதலாளிக்கு இது லாபம். அமெரிக்கப் பொருளாதார அறிஞர்கள் ஃப்ரீமனும் மெடாஃபும் 1984இல் எழுதிய புகழ்பெற்ற நூல் இன்னொன்றையும் காட்டியது: குறையைச் சொல்ல வழி இருக்கிற இடத்தில் தொழிலாளி வேலையைவிட்டுப் போவது குறைகிறது. பிள்ளைகள் தறியில் உட்கார மறுக்கிற ஊரில் இதைவிடப் பெரிய வியாபாரக் கவலை வேறென்ன?

நம்பிக்கை: சங்கம் வந்தால் கம்பெனி மூடும்.

நோக்கியாவைச் சொல்வார்கள். ஸ்ரீபெரும்புதூரில் 2006இல் தொடங்கி 2014 நவம்பரில் உற்பத்தியை நிறுத்திய அந்த ஆலையைச் சாய்த்தது வரி வழக்கு. சொத்து முடக்கப்பட்டதால், மைக்ரோசாஃப்ட் அந்தத் தொழிலை வாங்கியபோது இந்த ஆலை விற்பனையில் சேரவில்லை. பிறகு ஆர்டரும் நின்றது. மறைமலைநகர் ஃபோர்டு 2021இல் வெளியேறுவதாக அறிவித்தபோது சொன்ன காரணம், பத்தாண்டுகளில் இருநூறு கோடி டாலருக்கு மேல் நஷ்டம். இரண்டு இடத்திலும் சங்கம் இருந்தது. மூடலுக்குக் காரணம் அது இல்லை.

சங்கம் இல்லாவிட்டால் அமைதி என்பதும் சரியில்லை. 2021 டிசம்பரில் ஃபாக்ஸ்கான் ஆலையில் வேலை பார்த்த பெண்கள், விடுதி உணவு நஞ்சாகித் தோழிகள் மருத்துவமனையில் கிடந்தபோது, சென்னை–பெங்களூரு நெடுஞ்சாலையில் உட்கார்ந்தார்கள். குறையைக் கொண்டுபோக அவர்களுக்கு ஒரு சங்கம் இருக்கவில்லை. அதனால் மூடப்பட்ட ஆலை மறுபடி திறந்தது அடுத்த ஆண்டு ஜனவரி 12 அன்று. சுங்குவார்சத்திரம் சாம்சங் ஆலையில் 2024 செப்டம்பர் 9 தொடங்கி 37 நாள் நடந்த வேலைநிறுத்தத்தின் மையக் கோரிக்கைகளில் ஒன்று சங்கத்தை அங்கீகரிக்க வேண்டும் என்பது. சங்கத்தின் பெயரில் நிறுவனத்தின் பெயர் வரக்கூடாது என்று நிர்வாகம் எதிர்த்தது. வழக்கு உயர்நீதிமன்றம் வரை போய், 2025 ஜனவரியில் சங்கம் பதிவானது. அதே ஆண்டு மே மாதம் ஊதிய ஒப்பந்தம் ஆனது. ஆலை ஓடிக்கொண்டுதான் இருக்கிறது. தொழிலாளிக்கு இழப்பே இல்லை என்றும் சொல்ல மாட்டேன். 37 நாள் சம்பளம் இல்லாத வீட்டின் வாடகை, பள்ளிக் கட்டணம், நகைக் கடன் வட்டி எல்லாம் அந்த வெற்றியின் விலை.

நம்பிக்கை: சங்கம் வெளியாள் கொண்டுவந்த சரக்கு.

உத்தம சோழன் காலத்துச் செப்பேடு, காஞ்சி நெசவாளர் குடியிருப்புகளை ஊரகத்துப் பெருமாள் கோயிலின் நிர்வாகத்தோடு சேர்த்துப் பேசுகிறது. கூட்டாக நின்று பொறுப்பும் உரிமையும் பெறுவது இந்த ஊருக்கு ஆயிரம் ஆண்டுப் பழக்கம். அந்தப் பழைய கூட்டுகள் சாதி வழி அமைந்தவை என்பதையும் மறக்க வேண்டாம்.

நம்பிக்கை: சங்கம் இருந்தால் எல்லாத் தொழிலாளிக்கும் நன்மை.

இந்தியாவின் முதல் முறையான தொழிற்சங்கம் என்று கொண்டாடப்படும் சென்னைத் தொழிலாளர் சங்கம் 1918 ஏப்ரல் 27 அன்று பிறந்தது. பி.பி. வாடியாவும் திரு.வி.க.வும் முன்னின்றார்கள். மூன்றே ஆண்டில், 1921 பின்னி ஆலை வேலைநிறுத்தத்தில், அது சாதியால் பிளந்தது. ஆதிதிராவிடத் தொழிலாளர்கள் வேலைக்குத் திரும்பினார்கள், புளியந்தோப்பில் கலவரம் மூண்டது. அவர்களுடைய குறைகளைச் சங்கம் தன் குறையாக எடுத்திருந்தால் கதை வேறாக இருந்திருக்கும் என்பது என் உறுதியான எண்ணம்.

இன்றைய பிளவு நிரந்தரத் தொழிலாளிக்கும் ஒப்பந்தத் தொழிலாளிக்கும் நடுவே இருக்கிறது. பல ஆலைகளில் ஒப்பந்தம் பேசப்படுவது முதல் வகையினருக்கு மட்டும். தறியில் அந்தப் பிளவு நெசவாளருக்கும் நாடா தள்ளுகிற பெண்ணுக்கும் நடுவே. 2019-20 அகில இந்தியக் கைத்தறிக் கணக்கெடுப்பு நாட்டில் 35 லட்சம் கைத்தறித் தொழிலாளர்களை எண்ணியது. பத்தில் ஏழு பேர் பெண்கள். காஞ்சியில் புதிதாகச் சங்கம் எழுந்தால், அதன் முதல் கோரிக்கை கூலிச் சீட்டில் துணையாளின் பெயரும் அவருடைய பங்கும் தனியாக எழுதப்பட வேண்டும் என்பதாக இருக்கட்டும்.

நம்பிக்கை: சந்தா எல்லாம் கட்சிக்குப் போகும்.

1926 சட்டம் சங்கத்தின் பொது நிதியை எதற்குச் செலவிடலாம் என்று பட்டியலிட்டது. அரசியலுக்குத் தனி நிதி வேண்டும், அதற்குப் பணம் கொடுக்க உறுப்பினரைக் கட்டாயப்படுத்தக் கூடாது. ஆண்டுதோறும் கணக்கைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். கணக்குப் புத்தகத்தைப் புரட்டிப் பார்க்கும் உரிமை நிர்வாகிக்கு மட்டுமில்லாமல், சாதாரண உறுப்பினருக்கும் இருக்கிறது. சந்தா கொடுக்கிறபோது ரசீதும், ஆண்டுக் கூட்டத்தில் கணக்குப் புத்தகமும் கேட்கலாம்.