கடலில் இருக்கும் சோடி கடலிலேயே இருக்கட்டும்

தம்பி,

கோமாரியில் உங்கள் வீட்டு முன்னறையில் கடல்நீர்த் தொட்டி வைத்துக் கோமாளி மீன் வளர்க்கப் போவதாக எழுதியிருந்தீர்கள். தொட்டியும் மோட்டாரும் வாங்கியாயிற்று. இனிச் சுழியோடி ஒருவரிடம் சொல்லிப் பெரிய சோடியாகப் பார்த்து எடுப்பிக்க வேண்டும் என்கிறீர்கள். அதற்கு முற்பணம் இன்னும் கொடுக்கவில்லையென்றால் கொடுக்காதீர்கள்.

ஒரு கடற்சாமந்தியில் குடியிருக்கும் கோமாளி மீன்களுக்குள் ஒரு வரிசை உண்டு. ஆகப் பெரியது பெண். அடுத்தது அதன் ஆண். அவற்றுக்குக் கீழே உள்ள சிறியவை முட்டைக்கு உதவாதவை. மேலே உள்ளதை விடப் பெரிதாகிவிடாதபடி தம் வளர்ச்சியைத் தாமே அடக்கிக்கொண்டு, இடம் காலியாகும்வரை காத்திருக்கும். பப்புவா நியூகினியில் இந்த மீன்களை அளந்து பார்த்து ஆய்வாளர் பீற்றர் பஸ்டன் 2003இல் இதை எழுதினார். பெண் செத்தால் அதன் ஆணே பெண்ணாக மாறிவிடும் என்பதை 1977இலேயே ஆய்வாளர்கள் ஹான்ஸ் ஃபிரிக்கே, சிமோன் ஃபிரிக்கே இருவரும் காட்டியிருந்தார்கள்.

இப்போது யோசியுங்கள். "பெரிய சோடி" என்று நீங்கள் கேட்டால், முட்டையிடுகிற இரண்டும்தான் வலையில் வரும். மிஞ்சிய சிறியவை வளர்ந்து, ஒன்று பெண்ணாகி, மறுபடி சாமந்திக்குப் பக்கத்துக் கல்லில் முட்டை ஒட்ட மாதக்கணக்காகும். சிறியவை இல்லாத சாமந்தி என்றால், காவலற்றுக் கிடக்கும் அதை வண்ணத்துப்பூச்சி மீன்கள் கொத்தித் தின்னும். ஏற்கெனவே 1998இலும் 2016இலும் கடல் சூடேறி நம் தீவின் முருகைக்கற்கள் பல வெளிறின. சாமந்தியும் அப்படி வெளிறும். பசிபிக்கில் மூரேயாத் தீவில் வெளிறிய சாமந்திகளில் இருந்த கோமாளி மீன்களின் முட்டை 73 சதவீதம் குறைந்ததை 2017இல் வெளிவந்த ஆய்வொன்று பதிவு செய்திருக்கிறது. இதற்கு மேல், தென்மேற்குப் பருவக்காற்றில் மேற்குக் கடல் கலங்கும் மாதங்களில் அலங்கார மீன் பிடிப்பவர்கள் நம் கிழக்குக் கரைக்கு வருகிறார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். கேட்டதைப் பிடிக்கிறார்கள், கேட்பவர்கள் நாம்.

ஆகவே தொட்டியில் பொரித்த குஞ்சு வாங்குங்கள். இந்த மீனை மனிதர் பராமரிப்பில் பொரிக்க வைக்க முடியும். பாக்கு நீரிணைக்கு அக்கரையில் மண்டபத்தில் மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிறுவனமும், பரங்கிப்பேட்டையில் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தின் கடல் உயிரியல் உயராய்வு மையமும் இதைச் செய்து காட்டியிருக்கின்றன. கொழும்புக் கடையில் விலை கேட்பதற்கு முன் "கடலில் பிடித்ததா, தொட்டியில் பொரித்ததா?" என்று கேளுங்கள். தொட்டிக் குஞ்சு கண்ணாடிக்கும் உலர் தீனிக்கும் பழகியது. கடலில் பிடித்ததற்குப் புரூக்ளினெல்லா என்ற ஒட்டுண்ணி அதிகம் வரும். தோலில் வெண்சளி படர்ந்து, மூச்சு வாங்கி, ஓரிரு நாளில் செத்துப்போகும். எங்கே வாங்கினாலும் முதல் சில கிழமை தனித் தொட்டியில் வைத்துப் பார்த்த பிறகே பெரிய தொட்டியில் விடுங்கள்.

அளவில் சற்று வித்தியாசமான இரண்டு குஞ்சுகள் போதும். பெரியது பெண்ணாகும், மற்றது ஆணாகும். மூன்றாவது வேண்டாம், இரண்டும் அதைத் துரத்தித் துரத்தியே கொன்றுவிடும். கடற்சாமந்தியும் இப்போதைக்கு வேண்டாம். அதற்குக் கடும் வெளிச்சமும், மாதக்கணக்கில் ஓடி நிலைத்த தொட்டியும் வேண்டும். அது தொட்டிக்குள் செத்து அழுகினால் எல்லாவற்றையும் கொண்டுபோய்விடும். சாமந்தி இல்லாமலே கோமாளி மீன் தொட்டியில் நலமாக வாழும். ஒரு மண்சட்டியைக் கூடத் தன் வீடாக்கிக்கொள்ளும்.

இனித் தண்ணீர். உங்கள் நேரமும் கவனமும் போக வேண்டிய இடம் இதுதான். மீன் வருவதற்கு முன் தொட்டி நாலு முதல் ஆறு கிழமை மீனில்லாமல் ஓட வேண்டும். மீனின் கழிவிலிருந்து வருவது அமோனியா, அது நஞ்சு. ஒரு வகை பக்டீரியா அதை நைத்திரைற்றாக்கும், அதுவும் நஞ்சு. இன்னொரு வகை அதை நைத்திரேற்றாக்கும். அதை நீர் மாற்றிக் குறைத்துக்கொள்ளலாம். இந்த இரண்டு வகையும் கல்லிலும் மணலிலும் குடியேற எடுக்கும் காலம்தான் அந்தக் கிழமைகள். சோதனைத் திரவத்தில் அமோனியாவும் நைத்திரைற்றும் பூச்சியம் காட்டும்வரை மீன் வாங்கப் போகாதீர்கள்.

கடல் வாசலில் இருப்பது உங்களுக்குப் பெரிய வசதி, ஆனால் எல்லா மாதமும் அல்ல. மாரியில் களப்பு நிரம்பி ஆற்றுவாய் திறந்தால், வயல் மருந்தும் சேறும் நன்னீரும் கரையோரக் கடலில்தான் கலக்கும். அந்த நாட்களில் எடுக்கும் நீரில் போதிய உப்பும் இராது, சுத்தமும் இராது. செப்ரெம்பருக்குள் தோணிக்காரரிடம் சொல்லி, அலை உடையும் இடத்துக்கு வெளியே மொண்டு, துணியில் வடித்து, மூடியுள்ள பரல்களில் இருட்டில் வைத்துக்கொள்ளுங்கள். பாவிக்கும் முன் காற்று அடித்து, உப்பை அளந்து பாருங்கள்: அடர்த்தி 1.023க்கும் 1.026க்கும் இடையில் இருக்க வேண்டும்.

கச்சான் காற்றுக் காலத்தில் வேறு பிரச்சினை. நீர் வேகமாக ஆவியாகும், உப்பு தங்கிவிடும். குறைந்த அளவுக்குக் கடல்நீர் ஊற்றினால் உப்பு ஏறிக்கொண்டே போகும். நன்னீர்தான் ஊற்ற வேண்டும். குழாய் நீரில் குளோரீன் இருக்கும், வயல் பக்கத்துக் கிணற்றில் உரச்சத்து ஊறியிருக்கும். ஆகவே நன்றாக வடிகட்டிய நீரைத் தேடுங்கள். வெயில் நாட்களில் தொட்டி 30 பாகைக்கு மேல் போகாமல் பாருங்கள். மூடியை எடுத்துவிட்டு நீர்ப்பரப்பில் மின்விசிறி காற்றுப் படும்படி வைத்தால் இரண்டு மூன்று பாகை இறங்கும். மின்வெட்டையும் மறவாதீர்கள்: 2022 மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணிநேரம் கரண்ட் நின்றதை நாடே அனுபவித்தது. பற்றரியில் ஓடும் காற்று மோட்டார் ஒன்று முதல் நாளிலேயே வீட்டில் இருக்கட்டும்.

இப்படிக் கவனித்தால் சோடி ஒருநாள் சட்டியில் முட்டை ஒட்டும். ஆண் வாலாலும் செட்டையாலும் விசிறிக் காக்கும். செம்மஞ்சளாக இருக்கும் முட்டைகளில் சில நாளில் வெள்ளிக் கண்கள் தெரியும். ஒரு கிழமை அளவில், விளக்கு அணைந்த பிறகு பொரிக்கும். குஞ்சுகளுக்கு முதல் உணவு ரொட்டிஃபர் என்ற நுண்ணுயிர், பிறகு ஆர்ட்டீமியா என்ற சிற்றிறால். ரொட்டிஃபரை முட்டை வருவதற்கு முன்பே பச்சைப் பாசி நீரில் வளர்த்து வைத்திருக்க வேண்டும், பொரித்த பிறகு தேடினால் கிடைக்காது. முதல் பத்து நாளில் நிறையச் சாகும். அதற்காக விட்டுவிடாதீர்கள்.

வளர்ந்தவற்றைப் பாவம் என்று கடலில் விடவும் கூடாது. தொட்டி நோய் அவற்றோடு கடலுக்குப் போகும். இந்த மீன் இருபது ஆண்டுக்கு மேலும் வாழக்கூடியது என்பதை நினைத்துத்தான் வாங்க வேண்டும். குஞ்சுகள் தேறினால், பொத்துவிலிலோ அக்கரைப்பற்றிலோ கல்முனையிலோ தொட்டி வைக்க ஆசைப்படும் இன்னொரு பிள்ளைக்கு ஒரு சோடி கொடுங்கள். அவர் சுழியோடியைத் தேடிப் போக வேண்டாம்.