இறந்த பகைவனும் எமது நாவும்

உயர்தரக் கலைப்பிரிவு மாணவி, பேலியகொடை

பேச்சுச் சுதந்திரம் பற்றி மேடைகளில் நிறையப் பேசுகிறோம். அது உண்மையில் சோதிக்கப்படுவது, நாம் வெறுத்த ஒருவர் இறந்த செய்தி வரும்போதுதான். அந்த நேரத்தில் எதைப் பேசலாம், எதைப் பேசக்கூடாது? இக்கேள்விக்குப் போர்க்களத்தில் நின்றவர்கள் தந்த விடைகளிலிருந்து நாம் கற்க வேண்டியது அதிகம்.

துட்டகைமுனுவின் கட்டளை

எமது நாட்டு வரலாற்றிலேயே இதற்கு ஒரு பழைய பாடம் உண்டு. சோழ நாட்டிலிருந்து வந்த எல்லாளன் அனுராதபுரத்தில் 44 ஆண்டுகள் ஆண்டான். துட்டகைமுனு அவனோடு போரிட்டு, நகரின் தெற்கு வாயிலருகே தனிச்சமரில் அவனை வீழ்த்தினான். வென்றவன் பகைவனின் உடலை இழிவுபடுத்தவில்லை. உரிய மரியாதையுடன் தகனம் செய்து, அவ்விடத்தில் நினைவுச்சின்னம் அமைத்தான். அதைக் கடப்போர் வாத்தியம் இசைக்கக் கூடாது என்றும் கட்டளையிட்டான். இதனைச் சொல்வது தமிழர் எழுதிய நூலல்ல, மகாவம்சம்.

அக்கட்டளை ஏறக்குறைய 2,000 ஆண்டுகள் வாழ்ந்தது. 1818ஆம் ஆண்டுக் கிளர்ச்சி தோற்றுத் தப்பிச் சென்ற கண்டிப் பிரதானி பிலிமத்தலாவை, அவ்விடத்தை நெருங்கியதும் பல்லக்கிலிருந்து இறங்கி, களைப்பையும் பாராமல் நடந்தே கடந்தார் என்று பிரித்தானிய இராணுவ அதிகாரி மேஜர் போர்ப்ஸ் எழுதியுள்ளார். உயிருக்குப் பயந்து ஓடும் வேளையிலும் அவர் அந்த மரியாதையை மறக்கவில்லை.

2009 மே மாதம்

இனி எமது காலத்துக்கு வருவோம். 2009 மே மாதம் விடுதலைப் புலிகளின் தலைவர் பிரபாகரன் கொல்லப்பட்டார். மே 19ஆம் திகதி அவரது உடல் தொலைக்காட்சியில் காட்டப்பட்டது. கொழும்பு வீதிகளில் பட்டாசு வெடித்தது, பாற்சோறு பகிரப்பட்டது. அதே நாள் பாராளுமன்றத்தில் பேசிய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச, தமது உரையின் ஒரு பகுதியைத் தமிழிலேயே நிகழ்த்தினார்.

முஸ்லிம்களாகிய எமக்கு இது எளிதான விடயமல்ல. 1990 ஆகஸ்ட் 3ஆம் திகதி காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுதுகொண்டிருந்த 100க்கும் மேற்பட்டோர் புலிகளால் சுட்டுக் கொல்லப்பட்டனர். அதே ஆண்டு ஒக்டோபரில் வடமாகாண முஸ்லிம்கள் 70,000 பேருக்கு மேல் வெளியேற்றப்பட்டனர். யாழ்ப்பாணத்தில் கொடுக்கப்பட்ட அவகாசம் இரண்டு மணித்தியாலங்கள் மட்டுமே. இதைச் சொல்வது இறந்தவரை ஏசுவதாகாது. அது வரலாறு. அதை மறைக்குமாறு எவரும் எம்மிடம் கேட்க முடியாது.

ஆனால் போரில் பட்டாசுச் சத்தம் கேட்டவர்களில் இன்னொரு பகுதியினரும் இருந்தார்கள். முள்ளிவாய்க்காலில் பிள்ளையை இழந்த தாய்மாரும், வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் கதவை மூடிக்கொண்டு இருந்த குடும்பங்களும் அச்சத்தத்தைத் தங்களுக்கு எதிரானதாகவே கேட்டிருப்பார்கள். பின்னர் யாழ்ப்பாணம் கோப்பாயில் இருந்த புலிகளின் துயிலும் இல்லம் அழிக்கப்பட்டு, 2011இல் அவ்விடத்திலேயே இராணுவப் படைப்பிரிவொன்றின் தலைமையகம் திறக்கப்பட்டது. துட்டகைமுனுவை வீரத்துக்கு உதாரணமாகக் காட்டும் நாம், அவனது அந்தக் கட்டளையை மட்டும் மறந்துவிட்டோம்.

சட்டம் எதுவரை?

அப்படியானால் இழிவான பேச்சைச் சட்டத்தால் தடுக்கலாமே என்று கேட்கலாம். எமது அரசியலமைப்பின் 14ஆம் உறுப்புரை பேச்சுச் சுதந்திரத்தை வழங்குகிறது. இன, மத நல்லிணக்கம் போன்ற காரணங்களுக்காக 15ஆம் உறுப்புரை அதற்கு வரம்பிடுகிறது. வன்முறையைத் தூண்டும் பேச்சுக்கு வரம்பு வேண்டும்தான். ஆனால் தடை என்ற ஆயுதம் எப்பக்கமும் திரும்பும். இறந்த பிள்ளைக்கு விளக்கேற்ற வந்த தாய்மாரும் தடுக்கப்பட்டனர். மன்னாரைச் சேர்ந்த கவிஞர் அஹ்னாப் ஜஸீம் தமது கவிதைத் தொகுதி தொடர்பாக 2020இல் கைதாகி, 2021 டிசம்பரில்தான் பிணையில் வந்தார். 2023 டிசம்பரில் நீதிமன்றம் அவரை விடுதலை செய்தது.

அமெரிக்காவில் நடந்த ஒரு வழக்கு இதை மேலும் விளக்கும். பிரெட் பெல்ப்ஸ் என்ற போதகரின் கூட்டத்தார், போரில் இறந்த படைவீரர்களின் இறுதிச் சடங்குகளுக்கு அருகே இழிவான பதாகைகளுடன் நின்றார்கள். ஈராக்கில் இறந்த வீரர் ஒருவரின் தந்தை வழக்குத் தொடர்ந்தார். 2011 மார்ச் 2ஆம் திகதி உயர் நீதிமன்றம் 8க்கு 1 என்ற பெரும்பான்மையில், அது எவ்வளவு புண்படுத்தினாலும் பாதுகாக்கப்பட்ட பேச்சே என்று தீர்ப்பளித்தது. எந்த அரசியலமைப்பைக் காப்பதாக வீரர்கள் உறுதிமொழி எடுத்தார்களோ, அதே அரசியலமைப்பு அவர்களை ஏசுவோரையும் காத்தது.

2014 மார்ச்சில் பெல்ப்ஸ் இறந்தார். பழிவாங்க நல்ல சந்தர்ப்பம். ஆனால் சில நாட்களில் அக்கூட்டத்தார் கன்சாஸ் நகரில் நின்றபோது, எதிரே நின்றவர்கள் பிடித்த பதாகையில் இருந்தது அனுதாபச் செய்திதான்: உங்கள் இழப்புக்கு வருந்துகிறோம். நீதிமன்றத்தால் செய்ய முடியாததை அந்தப் பதாகை செய்தது.

எமது மார்க்கம்

ஈராக்கின் காதிஸிய்யாவில் ஒரு ஜனாஸா சென்றபோது ஸஹாபாக்கள் இருவர் எழுந்து நின்றார்கள். அது முஸ்லிமல்லாதவருடையது என்று சொல்லப்பட்டது. நபி (ஸல்) அவர்கள் ஒரு யூதரின் ஜனாஸாவுக்காக எழுந்து நின்றதையும், அதுவும் ஓர் உயிரல்லவா எனக் கேட்டதையும் அவர்கள் நினைவூட்டினார்கள். இறந்தோரை ஏசுவதையும், போரில் உடல்களைச் சிதைப்பதையும் நபியவர்கள் தடுத்துள்ளார்கள். 2020இல் கொரோனாவில் இறந்த எமது ஜனாஸாக்கள் எரிக்கப்பட்டபோது நாம் பட்ட வேதனையை யாரும் மறந்திருக்க மாட்டோம். ஒருவரது இறுதி மரியாதை பறிக்கப்படுவது என்னவென்று எமக்கு எவரும் விளக்கத் தேவையில்லை.

நாம் செய்யக்கூடியவை

ஆகவே இறந்தவர் செய்த அநியாயத்தைப் பெயர், திகதி, இடத்துடன் சொல்வோம். அது கொல்லப்பட்டோரின் உரிமை. உடலைப் பார்த்துச் சிரிப்பதையும், அப்படத்தைப் பிறருக்கு அனுப்புவதையும் விட்டுவிடுவோம். அழுவோரை அழவிடுவோம். சட்டம் எம்மைத் தடுக்காத இடத்திலும் நாமே எம்மைத் தடுத்துக்கொள்வோம்.

பேலியகொடை போன்று மூவினத்தாரும் அருகருகே வாழும் ஊரில், ஒரு வீட்டுக்கு மகிழ்ச்சியான மரணச் செய்தி அடுத்த வீட்டுக்குத் துக்கமாக இருக்கலாம். எல்லாளன் விழுந்த இடத்தில் துட்டகைமுனு கேட்டது பெரிய தியாகமல்ல, கடந்து செல்லும்வரை வாத்தியத்தை நிறுத்தச் சொன்னான். அவ்வளவு நேரம் மௌனமாக இருக்க எம்மாலும் முடியும்.