வகுப்புக்கு எந்த ஆன்லைன் தளம்? முதலில் பசங்க கையில் உள்ள போனைப் பாருங்கள்

நீங்கள் ஆசிரியரா, டியூஷன் நடத்துபவரா, பள்ளி மேலாண்மைக் குழுவில் உள்ள பெற்றோரா? வீட்டுப்பாடம் இப்போது வாட்ஸ்அப் குரூப்பில்தானே போகிறது? தகவல் சொல்ல அது போதும். ஆனால் நாற்பது பேர் நோட்டைப் போட்டோ எடுத்து அனுப்பினால், யார் அனுப்பினார், யார் அனுப்பவில்லை, யாருக்கு எத்தனை மதிப்பெண் என்று தேடுவதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். அந்தக் கணக்கை வைத்துக்கொள்வதுதான் கற்றல் மேலாண்மைத் தளத்தின் வேலை.

தேர்ந்தெடுக்கும்போது வசதிப் பட்டியலைப் பார்த்து மயங்க வேண்டாம். வகுப்பில் ஒரு கேள்வி கேளுங்கள்: "வீட்டில் போன் எத்தனை மணிக்கு உங்க கைக்கு வரும்?" அப்பா வேலை முடிந்து வந்தபிறகு, இரவு எட்டு மணிக்குத்தான் என்று சில பிள்ளைகள் சொல்வார்கள். மாலை ஆறு மணியைக் கடைசி நேரமாக வைத்தால், எந்தத் தளமாக இருந்தாலும் அந்தப் பிள்ளையின் பெயருக்கு நேரே 'தாமதம்' என்றுதான் காட்டும். படிக்காததால் அல்ல, போன் இல்லாததால். ஒரே போனில் அண்ணன், தங்கை இருவரும் படிக்கிறார்கள் என்றால், கணக்கு மாற்றுவது சுலபமா என்பதையும் பாருங்கள்.

கூகுள் கிளாஸ்ரூம் 2014-இல் வந்தது. 2017 முதல் சாதாரண ஜிமெயில் கணக்கு வைத்திருப்பவரும் அதில் வகுப்பு தொடங்கலாம். சர்வர், தொழில்நுட்ப ஆள் எதுவும் வேண்டாம். ஆனால் இலவசக் கணக்கின் 15 ஜிபி இடத்தில்தான் உங்கள் மெயில், போட்டோ எல்லாமே அடங்க வேண்டும். பாட வீடியோக்களை ஏற்றினால் சீக்கிரம் நிரம்பிவிடும். அதற்கு அவசியமும் இல்லை. நம் பாடநூலில் உள்ள கியூஆர் குறியீட்டை தீக்ஷா செயலியில் ஸ்கேன் செய்தால் அந்தப் பாடத்துக்கான வீடியோ வரும். பாடத்தை அங்கே பார்க்கச் சொல்லி, வீட்டுப்பாடத்தை மட்டும் கிளாஸ்ரூமில் வாங்கலாம்.

மூடுல் வேறு மாதிரி. ஆஸ்திரேலியாவில் மார்ட்டின் டோகியாமாஸ் உருவாக்கிய கட்டற்ற மென்பொருள். முதல் பதிப்பு 2002-இல் வெளியானது. மென்பொருளுக்குக் காசு இல்லை. ஆனால் சர்வருக்கு வாடகை உண்டு, பராமரிக்க ஆள் வேண்டும். தனி டியூஷனுக்கு இது பாரம் என்பது என் கருத்து, கல்லூரிக்குப் பொருந்தும். இதன் மொபைல் செயலியில் பாடத்தை முன்கூட்டியே இறக்கி வைத்து, நெட் இல்லாத நேரத்திலும் படிக்கலாம். சிக்னல் சரியாகக் கிடைக்காத ஊருக்கு இது சின்ன விஷயம் இல்லை.

அடுத்து, பலர் கவனிக்காத ஒன்று. 2023-ஆம் ஆண்டின் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம், 18 வயது நிரம்பாதவரைக் குழந்தை என்றே கொள்கிறது. அவர்களின் தகவலைப் பயன்படுத்தப் பெற்றோர் ஒப்புதல் தேவை என்கிறது. கூகுள் கணக்கைத் தானாகத் தொடங்க 13 வயதாவது ஆகியிருக்க வேண்டும். அதற்காகப் பிறந்த வருடத்தை மாற்றிப் போட்டுப் பிள்ளைக்குக் கணக்குத் திறந்து தராதீர்கள். சின்ன வகுப்பு என்றால் பெற்றோர் மேற்பார்வையிலான கணக்கையோ, பள்ளி தரும் கணக்கையோ பயன்படுத்தலாம். பெயர் தெரியாத இலவசச் செயலி ஒன்று தொடர்பு எண்கள், இருப்பிடம் எல்லாம் கேட்கிறதா? ஒரு வீட்டுப்பாடத்துக்கு எதற்கு இருப்பிடம்? அதை விட்டுவிடுங்கள்.

தளம் எப்போதும் இருக்கும் என்றும் நம்பிவிட முடியாது. ஒரு காலத்தில் ஆசிரியர்களிடையே உலகெங்கும் பிரபலமாக இருந்த எட்மோடோ, 2022 செப்டம்பரில் மூடப்பட்டது. வகுப்பு நடத்தியவர்கள் தங்கள் கோப்புகளை அதற்குள் எடுத்துக்கொள்ள வேண்டியிருந்தது.

ஆகவே முழுப் பள்ளிக்கும் அறிவிக்கும் முன், ஒரே வகுப்பில் இரண்டு வாரம் நடத்திப் பாருங்கள். ஒரு பாடம், ஒரு வீட்டுப்பாடம், ஒரு சின்னத் தேர்வு போதும். வீட்டில் இருப்பதிலேயே பழைய போனில் திறந்து பாருங்கள். மதிப்பெண் பட்டியலை உங்கள் போனில் இறக்கிச் சேமிக்க முடிகிறதா என்பதையும் அந்த இரண்டு வாரத்துக்குள்ளேயே சோதித்துவிடுங்கள். முடியவில்லை என்றால், அடுத்த தளத்தைப் பார்க்கலாம்.