நாட்றாம்பாளையத்திலிருந்து எந்த ஊருக்குக் குடிபோவது?

நாட்றாம்பாளையத்தில் பேருந்துக்கு நிற்பவருக்கு இரண்டு திசைகள்தான். வடக்கே போனால் அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை, ஓசூர். தெற்கே இறங்கினால் ஒகேனக்கல், பென்னாகரம், தருமபுரி. நம் மாவட்டத் தலைநகரான கிருஷ்ணகிரி இந்த இரண்டு பாதையிலும் இல்லை. தேன்கனிக்கோட்டை வரை ஏறி, ராயக்கோட்டைப் பக்கம் திரும்பித்தான் போக வேண்டும். பிழைப்புக்காகவோ பிள்ளைகளின் படிப்புக்காகவோ இந்தப் பகுதியை விட்டுக் கிளம்பும் குடும்பங்கள் ஓசூர், கிருஷ்ணகிரி, தருமபுரி என்ற மூன்றையும் மாற்றி மாற்றி யோசிக்கின்றன. கர்நாடக எல்லையைத் தாண்டி அத்திப்பள்ளி, சந்தாபுரா பக்கம் போய்விடலாமா என்ற யோசனையும் பல வீடுகளில் உண்டு.

பேச்சு எப்போதும் சம்பளத்தில்தான் தொடங்குகிறது. எந்தக் கம்பெனி, மாதம் எவ்வளவு, அதற்குப் பக்கத்தில் வீடு கிடைக்குமா. நான் வேறு இடத்திலிருந்து தொடங்கச் சொல்வேன். சம்பாதிப்பவரைக் கம்பெனி பஸ் வந்து ஏற்றிக்கொண்டு போய்விடும். ஓசூர், சூளகிரி, போச்சம்பள்ளிப் பக்கத்துத் தொழிற்சாலைகளின் பஸ்கள் சுற்றுப்பட்ட ஊர்களுக்குள் வந்து ஆட்களை ஏற்றிச் செல்வதைத் தினமும் பார்க்கிறோம். வீட்டோடு இருக்கும் அம்மாவுக்கும், கைக்குழந்தைக்காரிக்கும், ஆறாம் வகுப்புப் படிக்கும் பிள்ளைக்கும் அப்படி எந்த வண்டியும் வராது. நாள் முழுக்க அந்தத் தெருவில் இருந்து, அந்தத் தண்ணீரைக் குடித்து, உடம்புக்கு முடியாவிட்டால் அந்த ஊர் ஆஸ்பத்திரிக்கே போக வேண்டியவர்கள் அவர்கள்தான். அவர்களை வைத்துத்தான் ஊரைத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

முதலில் ஓசூர். 1970களில் சிப்காட் வந்தபோது இது சிறு ஊர். பிறகு அசோக் லேலண்டு வந்தது, டிவிஎஸ் வந்தது, 1980களில் டைட்டன் கடிகாரத் தொழிற்சாலை வந்தது. பெரிய ஆலைகளைச் சுற்றி உதிரிபாகம் செய்யும் சிறு பட்டறைகள் நூற்றுக்கணக்கில் முளைத்தன. 2019இல் ஓசூர் மாநகராட்சி ஆனது. தேன்கனிக்கோட்டைப் பக்கத்தில் டாடா எலக்ட்ரானிக்ஸ் ஐபோன் பாகங்கள் செய்யத் தொடங்கிய பிறகு ஆயிரக்கணக்கான இளம்பெண்கள் வேலைக்கு வந்திருக்கிறார்கள். ஐடிஐ முடித்த பையனுக்கோ, பன்னிரண்டாம் வகுப்பு முடித்த பெண்ணுக்கோ முதல் வேலை கிடைக்க இந்த வட்டாரத்தில் ஓசூரை விட்டால் வேறு ஊர் இல்லை. ஒரு கம்பெனியில் காண்ட்ராக்ட் முடிந்தால் அடுத்த கேட்டில் போய் நிற்கலாம். அந்த வசதி மற்ற இரண்டு நகரங்களிலும் இந்த அளவுக்குக் கிடையாது.

தனி ஆளாக இருந்தால் யோசிக்காமல் ஓசூருக்குப் போகலாம். ஹாஸ்டலோ, நாலு பேர் சேர்ந்து எடுக்கும் அறையோ போதும். சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்தால் இஎஸ்ஐ பிடித்தம் இருக்கும். வேலைக்குச் சேர்ந்த உடனே அந்த அட்டையைக் கேட்டு வாங்கி, அப்பா அம்மாவின் பெயரையும் அதில் சேர்த்துவிட வேண்டும். ஓசூரிலேயே இஎஸ்ஐ மருத்துவமனை இருக்கிறது. பல பிள்ளைகள் இதைச் செய்யாமல் விட்டுவிட்டு, வீட்டில் ஒருவர் படுத்த பிறகு கடன் வாங்குகிறார்கள்.

குடும்பத்தோடு போவதானால் கணக்கு மாறும். பெங்களூருக்கு 40 கிலோமீட்டரில் இருப்பதால் வாடகையும் அட்வான்ஸும் அந்த நகரத்தைப் பார்த்தே ஏறுகின்றன. குளிர்ச்சியான ஊர் என்று பெயர், அது உண்மைதான். ஆனால் தண்ணீரைக் கவனிக்க வேண்டும். பெங்களூரின் கழிவைச் சுமந்துகொண்டு வரும் தென்பெண்ணை கெலவரப்பள்ளி அணையில் வெள்ளை நுரையாகப் பொங்குவதைச் செய்திகளில் எத்தனை முறை பார்த்திருப்போம். வாடகைக்கு வீடு பார்க்கும்போது அந்தத் தெருவுக்கு ஒகேனக்கல் தண்ணீர் வருகிறதா, எத்தனை நாளுக்கு ஒருமுறை வருகிறது என்பதை வீட்டுக்காரரிடம் கேட்காதீர்கள், பக்கத்து வீட்டுப் பெண்களிடம் கேளுங்கள்.

தண்ணீரைப் பற்றி இன்னும் கொஞ்சம் சொல்ல வேண்டும். தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களின் நிலத்தடி நீரில் புளோரைடு அதிகம். சின்ன வயதிலிருந்து அதைக் குடித்தால் பல்லில் பழுப்புக் கறை விழும், நாள்பட எலும்பையும் பாதிக்கும். அதற்காகத்தான் ஜப்பானியக் கடனுதவியோடு ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் கொண்டுவரப்பட்டு 2013இல் தொடங்கியது. நம் ஊருக்கு அருகே பிலிகுண்டுலுவில் அளக்கப்பட்டுத் தமிழ்நாட்டுக்குள் நுழையும் அதே காவிரிதான் குழாயேறி இரண்டு மாவட்டங்களுக்கும் போகிறது. மூன்று நகரங்களில் எதற்குப் போனாலும் போர் தண்ணீரைக் குளிக்கவும் துவைக்கவும் வைத்துக்கொள்ளுங்கள். பிள்ளைகள் குடிப்பது காவிரித் தண்ணீராக இருக்கட்டும். புளோரைடு கொதிக்க வைத்தால் போகாது.

தருமபுரியைப் பலர் மட்டமாகப் பேசுவார்கள். வேலை இல்லாத ஊர், வெயில் ஊர் என்பார்கள். இரண்டிலும் உண்மை இருக்கிறது. ஆனாலும் வயதானவர்களும் கல்லூரிக்குப் போகும் பிள்ளைகளும் உள்ள நாட்றாம்பாளையம் குடும்பத்துக்குத் தருமபுரியை நான் முன்னால் வைப்பேன். அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனை 2008 முதல் இருக்கிறது, ஊருக்குள்ளேயே இருக்கிறது. 1965இல் மாவட்டமானதிலிருந்து தலைநகராக இருப்பதால் அரசு கலைக் கல்லூரி, பொறியியல் கல்லூரி, சட்டக் கல்லூரி என்று கட்டணம் குறைந்த படிப்புகள் இங்கே சேர்ந்திருக்கின்றன. சேலம் 65 கிலோமீட்டர்தான். வாடகை ஓசூரை விடக் குறைவு. இன்னொன்று, தருமபுரியிலிருந்து ஒகேனக்கல் 46 கிலோமீட்டர், அதற்கு மேல் மலையேறினால் நம் ஊர். ஊரில் ஒரு சாவு, ஒரு கல்யாணம் என்றால் போய்த் தலைகாட்டிவிட்டு வரலாம்.

ரயிலையும் மறந்துவிடக் கூடாது. பெங்களூரு–சேலம் பாதை ஓசூர், கெலமங்கலம், ராயக்கோட்டை, மாரண்டஅள்ளி, பாலக்கோடு, தருமபுரி என்று வருகிறது. தக்காளிச் சந்தைக்குப் பெயர்போன ராயக்கோட்டையில் குடியிருந்தால் ஒரு பக்கம் ஓசூர், ஒரு பக்கம் தருமபுரி, பஸ்ஸில் போனால் கிருஷ்ணகிரி. பட்டியலில் யாரும் சேர்க்காத ஊர் அது, சேர்த்துப் பார்க்கலாம்.

கிருஷ்ணகிரிக்கு வருகிறேன். 2004இல் தருமபுரியிலிருந்து பிரிந்து தனி மாவட்டமான பிறகு ஆட்சியர் அலுவலகம், கோர்ட், அரசு வேலை எல்லாம் அங்கே. நெடுஞ்சாலைகள் கூடும் இடம். சென்னைக்கும் பெங்களூருக்கும் சேலத்துக்கும் எந்நேரமும் பஸ் உண்டு. மாம்பழ வியாபாரமும் மாங்கூழ்த் தொழிற்சாலைகளும் சீசனில் ஆள் எடுக்கும். பர்கூர், குருபரப்பள்ளி, போச்சம்பள்ளி சிப்காட்டுகள் பக்கத்தில். ஓலா ஸ்கூட்டர் தொழிற்சாலை போச்சம்பள்ளியில்தான் இருக்கிறது. அங்கே வேலை உறுதியானவர்களுக்கு இந்த ஊர் சரி. மற்றவர்களுக்கு நான் சொல்ல மாட்டேன். ரயில் கிடையாது, வெள்ளைக்காரன் காலத்தில் திருப்பத்தூரிலிருந்து வந்த பாதையும் போய்விட்டது. 2022இல் திறந்த அரசு மருத்துவக் கல்லூரி ஊருக்கு வெளியே போலுப்பள்ளியில் இருக்கிறது. எல்லாவற்றுக்கும் மேலாக, நம் ஊருக்குத் திரும்பும் வழி சுற்றுவழி.

எல்லைக்கு அந்தப் பக்கம் போக நினைப்பவர்கள் கொஞ்சம் நின்று யோசிக்க வேண்டும். அத்திப்பள்ளி, பொம்மசந்திரா, எலக்ட்ரானிக் சிட்டி என்று வேலை வரிசையாக இருக்கிறது. 2025 ஆகஸ்டில் பொம்மசந்திரா வரை மெட்ரோ ரயிலும் வந்துவிட்டது. பிள்ளை இல்லாதவர்களுக்கும், பிள்ளைகள் படித்து முடித்தவர்களுக்கும் அது நல்ல இடம். பள்ளி வயதுப் பிள்ளை இருந்தால் போகாதீர்கள். ஆறு முதல் பன்னிரண்டு வரை தமிழ்நாட்டு அரசுப் பள்ளியில் படித்த பிள்ளைக்கு மருத்துவப் படிப்பில் 7.5 சதவீத உள் ஒதுக்கீடு 2020 முதல் உண்டு. 2021இல் பொறியியல், வேளாண்மை, சட்டம் போன்றவற்றுக்கும் அதை விரித்தார்கள். புதுமைப்பெண், தமிழ்ப்புதல்வன் திட்டங்களில் கல்லூரியில் மாதம் 1,000 ரூபாய் கிடைப்பதும் இந்தப் படிப்பை வைத்துத்தான். அத்திப்பள்ளியில் இரண்டு வருஷம் படித்துவிட்டுத் திரும்பினால் அந்த உள் ஒதுக்கீடு கை நழுவிவிடும். நம் சாதிச் சான்றை வைத்துக் கர்நாடகத்தில் இட ஒதுக்கீடு கேட்கவும் முடியாது. அங்கே பெண்களுக்கு இலவசப் பஸ் உண்டு, ஆனால் அந்த மாநில முகவரி உள்ளவர்களுக்கு மட்டும். ஓசூரில் குடியிருந்து எல்லை தாண்டி வேலைக்குப் போய் வருவதுதான் இப்போதைக்குப் புத்தியான வழி.

ஊரிலேயே இருந்துகொண்டு ஓசூருக்குப் போய் வரலாமே என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். பகல் ஷிப்டுக்குச் சமாளிக்கலாம் என்று தோன்றும். இரண்டாவது ஷிப்ட் முடிந்து நடுராத்திரியில் தேன்கனிக்கோட்டை–அஞ்செட்டி மலைப்பாதையில் பைக்கில் வருவது உயிரோடு விளையாடுவது. ராகி முற்றும் மாதங்களில் யானைக் கூட்டம் எந்த வளைவில் நிற்கும் என்று யாருக்கும் தெரியாது. இந்தக் காடு 2014இலும் 2022இலும் காவிரி வடக்கு, காவிரி தெற்கு என்று சரணாலயங்களானது, யானைகள் நடமாடும் இடம் என்பதால்தான்.

நிலமும் ஆடுமாடும் ஊரில் இருக்கிறவர்களுக்குத் தேன்கனிக்கோட்டைதான் என் தேர்வு. அரசு மருத்துவமனை, சார்பதிவாளர் அலுவலகம், மேல்நிலைப் பள்ளிகள் இருக்கின்றன. ஓசூர் சுமார் 25 கிலோமீட்டர். புதிய தொழிற்சாலைகள் அந்தப் பக்கமே நகர்ந்து வருகின்றன. ஞாயிற்றுக்கிழமை பகலில் மலையிறங்கி வயலைப் பார்த்துவிட்டு, இருட்டுவதற்குள் திரும்பிவிடலாம்.

கடைசியாக ஒன்று. ஓசூரில் விமான நிலையம் வரும் என்று 2024 ஜூனில் சட்டமன்றத்தில் அறிவித்ததிலிருந்து மனை விற்பவர்கள் அஞ்செட்டி வரை வருகிறார்கள். பெங்களூரு விமான நிலையத்தோடு போட்ட ஒப்பந்தத்தில், 2033 வரை 150 கிலோமீட்டருக்குள் புதிதாக ஒன்று வருவதற்குத் தடை இருக்கிறது. ஊர் நிலத்தை விற்று லேஅவுட் மனை வாங்க நினைத்தால், முதல் இரண்டு வருஷம் வாடகையில் இருந்து பாருங்கள். பிறகும் வாங்குவதாக இருந்தால் வில்லங்கச் சான்றையும் டிடிசிபி அங்கீகாரத்தையும் கையில் வாங்கிப் படிக்காமல் முன்பணம் கொடுக்காதீர்கள்.