தையல் யந்திரம் வாங்குமுன்

தறியிலிருந்து இறங்கும் துணி, தையல் யந்திரத்தில் ஏறிய பிறகே ஆடையாகிறது. தமிழ்நாட்டில் பள்ளிச் சீருடைத் துணியை நெசவாளர் கூட்டுறவுச் சங்கங்கள் உற்பத்தி செய்கின்றன. அதை மகளிர் தையல் தொழிற் கூட்டுறவுச் சங்கங்கள் தைத்துக் கொடுக்கின்றன. ஆகவே நம் அங்கத்தினர் வீடுகள் பலவற்றில் தறிக்கு அருகே தையல் யந்திரமும் இடம் பெற்றுவிட்டது. அதைக் கடன் பெற்று வாங்குவோர் கவனிக்க வேண்டியவற்றை இங்கே ஆராய்வோம்.

முதலில் நாம் கண்ட ஓர் அனுபவம். ஒரு சங்கத்தின் பெண் அங்கத்தினர், பலவகைப் பூத்தையல்கள் போடும் மின்னணு யந்திரம் ஒன்றைக் கடனில் வாங்கினார். சீருடைக் காலத்தில், கால்சட்டையின் தடித்த மடிப்புகளில் அது திணறி நின்றது. பழுது பார்ப்பவர் உள்ளூரில் இல்லை. வெளியூருக்கு அனுப்பித் திரும்பி வருவதற்குள் அவருக்குரிய துணிகள் பிறருக்குப் பகிர்ந்தளிக்கப்பட்டன. தவணை மட்டும் தவறாமல் வந்தது. அம்மனுவைப் பரிசீலித்தபோது விலைச்சீட்டையும் ஜாமீனையும் பார்த்தோமே தவிர, ‘இதில் என்ன தைக்கப் போகிறீர்கள்?’ என்று நாம் கேட்கவில்லை. அப்பிழையில் நமக்கும் பங்குண்டு.

மூன்று வகைகள்

மிதியால் இயங்கும் யந்திரம் நேர்த்தையல் மட்டுமே போடும், மின்சாரம் வேண்டியதில்லை. சிற்றூரிலும் பழுது பார்க்க ஆள் கிடைக்கும். கற்பவர்க்கும், வீட்டு வேலையோடு சிறிது தைப்பவர்க்கும் இது போதும்.

தொழிற்கூட யந்திரமும் நேர்த்தையலே போடும். ஆனால் நிமிஷத்திற்கு ஏறத்தாழ 5,000 தையல் வரை ஓடக்கூடியது. நாள் முழுவதும் சீருடை தைப்பவர்க்கு இதுவே ஏற்றது. இதில் மோட்டாரைக் கவனிக்க வேண்டும். கிளட்ச் மோட்டார், தைக்காதபோதும் சுழன்றுகொண்டே இருக்கும். சர்வோ மோட்டார் தைக்கும்போது மட்டுமே சுழல்வதால் மின்செலவு குறைவு. வேகத்தையும் குறைத்து வைத்துப் பழகலாம்.

வளைதையலும் பொத்தான் துளையும் போடும் வீட்டு மின் யந்திரம், ரவிக்கை, குழந்தை உடை போன்றவற்றிற்கு உதவும். தடித்த துணியை இடைவிடாமல் தைப்பது அதன் வேலையன்று.

பஞ்சுப் போர்வை தைப்பவர்க்கு

வெட்டுத் துண்டுகளை இணைத்து, நடுவே பஞ்சுப் படலம் வைத்துத் தைக்கும் போர்வை, மீந்த துணியையும் பணமாக்கும். ஆனால் இதில் மூன்று அடுக்குகள் ஒன்றாக நகர வேண்டும். அடியிலுள்ள பற்கள் கீழ்த்துணியை இழுக்க, மேல்துணி பின்தங்கிச் சுருக்கம் விழும். மேல்துணியையும் உடன் நகர்த்தும் காலடி, அந்த யந்திரத்திற்குக் கிடைக்குமா என்று கேட்டறிக. ஊசிக்கும் யந்திரத் தூணுக்கும் உள்ள இடைவெளியையும் அளந்து பார்க்க. சுருட்டிய போர்வை அதனுள் நுழைய வேண்டும். வீட்டு யந்திரங்களில் அது பெரும்பாலும் 6 முதல் 7 அங்குலமே. தொழிற்கூட யந்திரத்தில் 10 அங்குலம் அளவில் இருக்கும்.

கடையிலேயே சோதனை

1. நீங்கள் அன்றாடம் தைக்கும் துணியையே எடுத்துச் செல்க. அதை நான்கு, ஆறு மடிப்புகளாக வைத்துத் தைத்துப் பார்க்க.

2. மேலே ஒரு நிறமும் பாபினில் வேறு நிறமும் நூல் கோத்துத் தைக்க. கீழ் நூல் மேற்புறம் தெரிந்தால் மேல் நூலின் இறுக்கம் அதிகம். மேல் நூல் அடிப்புறம் தெரிந்தால் அது குறைவு. திருகைத் திருப்பியும் சீராகாத யந்திரத்தை ஏற்க வேண்டாம்.

3. ஊசி, பாபின், பாபின் கேஸ் ஆகியவை உள்ளூரில் கிடைக்குமா என விசாரிக்க. வீட்டு யந்திர ஊசியின் தண்டு ஒரு பக்கம் தட்டையாகவும், தொழிற்கூட யந்திர ஊசியின் தண்டு உருண்டையாகவும் இருக்கும். ஒன்றுக்கு மற்றொன்று பொருந்தாது.

கணக்கும் பார்ப்போம்

உதாரணமாக, இரு யந்திரங்களுக்கிடையே விலை வித்தியாசம் ரூ. 6,000 எனக் கொள்வோம். குறைந்த விலை யந்திரம் பழுதால் ஆண்டுக்கு 12 நாள் நின்று, நாட்கூலி ரூ. 300 இழந்தால், ஆண்டு நஷ்டம் ரூ. 3,600. இரண்டாம் ஆண்டு முடியுமுன்னரே மிச்சம் பிடித்த பணம் கரைந்துவிடும். அதற்காக விலை உயர்ந்ததே சிறந்தது என்றும் கொள்ளலாகாது. மேலே கூறிய அங்கத்தினர் வாங்கியதும் மலிவான யந்திரமன்று.

ஒவ்வொருவரும் எல்லா வசதியும் உள்ள யந்திரம் வாங்க வேண்டியதில்லை. நேர்த்தையல் யந்திரம் அங்கத்தினர் வீட்டில் இருக்கட்டும். பொத்தான் துளை யந்திரமும், துணி ஓரம் பின்னும் ஓவர்லாக் யந்திரமும் சங்கக் கட்டிடத்தில் பொதுவாக இருக்கட்டும். பலர் ஒரே வகை யந்திரத்தை ஒன்றாகக் கொள்முதல் செய்தால், விலையிலும் பழுதுபார்ப்பிலும் பேசிப் பெறும் வலிமை உண்டாகும். கடன் மனுவோடு, தைத்துப் பார்த்த மாதிரித் துண்டு ஒன்றையும் இணைக்குமாறு நிர்வாகக் குழுவினர் கேட்பார்களாக. ஒரு முழத் துணியில் முடியும் இச்சோதனை, பல மாதத் தவணைச் சுமையிலிருந்து ஒரு குடும்பத்தைக் காக்கக்கூடும்.