தடயமும் தோட்டமும்: தங்கச்சிக்கு அக்காவின் எட்டு டிப்ஸ்

போன வாரம் விடிகாலையில் போன் பண்ணினாய். சத்தியமங்கலம் பக்கம் ஏதோ ஒரு திருட்டு வீட்டில் கைரேகைப் பவுடரும் பிரஷுமாக நிற்கிறாய். தோட்டத்தில் இருபது சென்ட் மல்லி, பறிக்க ஆளில்லாமல் மொக்கு விரிந்துகொண்டிருக்கிறது. "வேலையை விடவாக்கா, தோட்டத்தை விடவா?" என்று கேட்டாய். நானும் அப்போது ஒரு ஸ்பாட்டில்தான் இருந்தேன், பதில் சொல்ல முடியவில்லை. இப்போது சொல்கிறேன், கேள் கண்ணு.

முதலில் ஒன்றைத் தெரிந்துகொள். 2024 ஜூலை 1 முதல் அமலுக்கு வந்த பாரதிய நாகரிக் சுரக்‌ஷா சன்ஹிதா, ஏழு ஆண்டும் அதற்கு மேலும் தண்டனை உள்ள குற்றங்களில் தடயவியல் நிபுணர் சம்பவ இடத்துக்கு வந்தே ஆகவேண்டும் என்கிறது. இதை முழுசாக நடைமுறைப்படுத்த மாநிலங்களுக்கு ஐந்து ஆண்டு வரை அவகாசம். ஆக, நம்மைக் கூப்பிடும் போன் இனிமேல் கூடத்தான் போகிறது. மாற வேண்டியது தோட்டம்தான்.

1. மூன்று நாள் கணக்கு போடு

எதை நட்டாலும், எதை வளர்த்தாலும் ஒரே கேள்வி கேள்: நான் மூன்று நாள் வராவிட்டால் இது தாங்குமா? தென்னை தாங்கும், நாற்பத்தைந்து நாளுக்கு ஒரு வெட்டு, இரண்டு நாள் தள்ளினால் குடி முழுகாது. எலுமிச்சையும் அவசரப்படுத்தாது. தக்காளி தாங்காது. கடலை முற்றியபின் ஒரு மழை பெய்தால் மண்ணுக்குள்ளேயே முளைவிட்டுவிடும். வருஷத்துக்கு ஒரே ஒரு அவசரப் பயிர் போதும். அதன் அறுவடைக்கு விதைக்கும்போதே லீவு எழுதிக் கொடுத்துவிடு.

இந்தக் கணக்கில் நம் தாராபுரம், காங்கேயம் பக்கத்துக் கொறங்காட்டை மிஞ்ச எதுவும் இல்லை. சுற்றிக் கிளுவை வேலி, உள்ளே கொழுக்கட்டைப் புல், நிழலுக்கு வெள்வேல மரம். படலைச் சாத்திவிட்டால் மாடு தானாக மேயும். தொட்டியில் தண்ணீர் இருந்தால் போதும். செம்மறியை மட்டும் ராத்திரி பட்டியில் அடை. தெருநாய் வேலி பார்த்து நிற்பதில்லை.

2. கறவைக்கு இரண்டு கை பழக்கு

என் மாடு மூன்று வருஷம் என் கைக்கு மட்டுமே பால் விட்டது. அதைப் பெருமையாகச் சொல்லித் திரிந்தேன். இரட்டைக் கொலை ஒன்றுக்காகப் போய் ஒன்றரை நாள் திரும்ப முடியாமல் போனபோது, கறக்காமல் மடி கல்லாகி மடிநோய் வந்து, ஒரு காம்பு போனதுதான் மிச்சம். இப்போது பக்கத்துத் தோட்டத்து அக்கா வாரத்தில் இரண்டு நாள் கறக்கிறார். அந்தப் பால் அவருக்கே. ஆத்திரத்துக்கு ஆள் தேடாதே. சும்மா இருக்கும்போதே பழக்கு.

3. தண்ணீரை உன் காலிலிருந்து அவிழ்த்துவிடு

தோட்டம் அம்மா பேரில்தானே இருக்கிறது? 5 ஏக்கருக்குள் இருக்கும் சிறு, குறு விவசாயிக்குத் தமிழகத்தில் சொட்டுநீர்ப் பாசனத்துக்கு 100 சதவீத மானியம். சான்று வாங்கி எழுதிப் போடச் சொல். மோட்டாருக்கு மொபைல் ஸ்டார்ட்டர் மாட்டு. ஸ்பாட்டுக்குப் போகும் வண்டியில் உட்கார்ந்தே போட்டு நிறுத்தலாம். கிணற்றில் தண்ணீர் இறங்கினால் தானாக நிற்கும் வசதி உள்ளதா என்று கேட்டு வாங்கு. இல்லையென்றால் நீ ரத்தக்கறை தேடும் நேரத்தில் இங்கே மோட்டார் காயில் புகைந்திருக்கும்.

4. மோட்டார் ரூமைத் தாண்டி எதையும் கொண்டுபோகாதே

ஒருமுறை கிணற்றிலிருந்து எடுத்த, நாள்பட்ட உடல். கையுறை, மாஸ்க் எல்லாம் போட்டுத்தான் வேலை பார்த்தேன். வந்ததும் கையை மட்டும் சோப்புப் போட்டுக் கழுவிவிட்டுக் கட்டுத்தரைக்குப் போனேன். மாடு என் துப்பட்டாவை மோந்து பார்த்தது. மூக்கை உயர்த்தியது. கயிறு விறைக்கும் வரை பின்னால் போய் நின்றுகொண்டது. அன்றைக்குச் சுரப்பு விடவே இல்லை.

அன்றிலிருந்து சட்டம் இதுதான்: செருப்பு மோட்டார் ரூம் வாசலில், துணி தனி பக்கெட்டில், தலைக்குக் குளித்த பிறகுதான் வீடு, பிள்ளை, மாடு எல்லாம். பார்த்த காட்சிக்கும் அதே சட்டம். குளித்து முடித்துத் துவைகல்லில் கால் மணி நேரம் உட்காருவேன். யாரும் கூப்பிடக் கூடாது. ஒரு வாரமாகியும் தூக்கம் வரவில்லையென்றால் துவைகல் போதாது, மனநல மருத்துவரைப் பார்.

5. தோட்டத்தையும் ஸ்பாட்டுக்குக் கொண்டுபோகாதே

பிரான்சின் லியோன் நகரில் 1910-ல் காவல்துறை ஆய்வகம் தொடங்கிய எட்மண்ட் லோகார்ட் சொன்னதைப் பயிற்சியில் படித்திருப்பாய்: தொட்ட இடத்தில் எதையாவது விட்டுவிட்டு, எதையாவது எடுத்துக்கொண்டுதான் வருகிறோம். அது நமக்கும் சேர்த்துத்தான். ஒருநாள் தரையில் கிடந்த முடியை எடுக்கக் குனிகிறேன்; என் சட்டை மடிப்பிலிருந்து சோளத்தட்டுச் சோகை ஒன்று அதன் பக்கத்திலேயே விழுந்தது. போட்டோகிராபர் என்னைப் பார்த்தார், நான் சோகையைப் பார்த்தேன். மறைக்காமல் குறிப்பில் எழுதினேன். வேலைத் துணி இரண்டு செட் இப்போது ஆபீஸ் அலமாரியிலேயே இருக்கிறது. மாட்டுக்குத் தட்டுப் போட்ட கையோடு கிட் பெட்டியைத் திறப்பதில்லை.

6. ஈரத்தோடு மூடாதே

ரத்தம் பட்ட துணியை ஈரமாகவே பிளாஸ்டிக்கில் கட்டினால் பூஞ்சை பிடித்து டி.என்.ஏ. கெட்டுவிடும், காற்றாட உலர்த்திக் காகிதக் கவரில் போடுகிறோம். விதைக்கடலைக்கும் அதே புத்திதான். காதருகே குலுக்கினால் உள்ளே பருப்பு கலகலவென்று ஆட வேண்டும். பிறகு சணல் சாக்கு, அடியில் பலகை.

7. பூச்சிமருந்தைப் பூட்டி வை

இதை உனக்கு விளக்க வேண்டாம். உணர்ச்சிவசப்பட்ட ஒரு கால் மணி நேரத்தில் கைக்கெட்டிய மருந்து என்ன செய்யும் என்று வாரா வாரம் பார்க்கிறோம். இரும்புப் பெட்டி, பூட்டு. சாவி வீட்டுக்குள் வேண்டாம். வேண்டிய அளவு மட்டும் வாங்கு. குளிர்பான பாட்டிலில் மருந்து ஊற்றி வைக்கும் பழக்கம் யாருக்கு இருந்தாலும் இன்றே நிறுத்து.

8. ஒரே நோட்டு முறை, இரண்டு நோட்டு

தடயப் பொருள் யார் கையிலிருந்து யார் கைக்கு, எத்தனை மணிக்குப் போனது என்று எழுதுகிறோம் அல்லவா? அதேபோல ஒரு நோட்டைக் கட்டுத்தரை ஆணியில் தொங்கவிடு. யார் கறந்தது, எத்தனை லிட்டர், எந்த வால்வு திறந்தது, என்ன உரம் போட்டது என்று எழுதட்டும். நீ மூன்றாம் நாள் வந்து யாரையும் விசாரணை பண்ண வேண்டாம். கோர்ட் சம்மன் தேதி வந்ததும் அதிலும் குறித்துவிடு. ஐந்து வருஷத்துக்கு முந்திய கேஸ், சரியாகக் காய் வெட்டு நாளில்தான் கூப்பிடும்.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். முதல் கணக்கை உன் தோட்டத்தில் நீயே போட்டுப் பார். மொக்கு விரிவதற்குள் பறித்தால்தான் மல்லிக்குக் காசு. அதற்கு மூன்று நாள் வேண்டாம், மூன்று மணி நேரமே ஜாஸ்தி. திருடனும் விடிவதற்குள்தான் வருகிறான், மல்லியும் விடிவதற்குள்தான் கேட்கிறது. வேலையையும் விடாதே, தோட்டத்தையும் விடாதே. மல்லியை விடு, கண்ணு. அந்த இருபது சென்ட்டில் எலுமிச்சை வை. தலைக்கு வைக்க, வாசலில் ஒரு செடி போதும்.