ஆளவந்தார் கண்ட நிதி

ஸ்ரீமந் நாதமுனிகளின் திருப்பேரனாரான யாமுனர், வாதத்தில் வென்று பெற்ற அரசபோகத்தில் தம்மை மறந்திருந்தார். ஆசார்ய பரம்பரை அறுமோ என்று கவன்ற மணக்கால் நம்பி, அவர் தளிகைக்கு நாள்தோறும் தூதுவளைக்கீரை சேர்ப்பித்து, ஆறு திங்கள் சென்றபின் நிறுத்தினார் என்பர். கீரை கொணர்ந்தவர் யாரென்று மன்னர் வினவியதே ஆத்ம விசாரத்துக்கு வாயிலாயிற்று.

பாட்டனார் தேடிவைத்த நிதி தம்மிடம் உள்ளதென்று கூறிய நம்பி, கீதைப் பொருளை உபதேசித்து, இரு ஆறுகளுக்கிடையே ஏழு திருமதில்களுக்குள் கண்வளரும் பெரிய பெருமாளை அந்நிதியாகக் காட்டிக் கொடுத்தார். யாமுனர் அரசைத் துறந்தார்.

பின்னாளில் அவர் அருளிய 'ஆத்ம ஸித்தி', 'நான்' என்பது உடலா, இந்திரியமா, மனமா, பிராணனா, வெறும் அறிவா என்று ஒவ்வொரு கொள்கையையும் ஆராய்ந்து விலக்கி, இவற்றின் வேறாய்த் தானே ஒளிரும் ஆத்மாவை நிலைநாட்டுகிறது. ஆயினும் ஆராய்ச்சி மட்டும் அமையாது; வாதத்தில் வல்ல அவருக்கே அது அமையவில்லையன்றோ! அலையும் மனம் அப்யாஸத்தாலும் வைராக்யத்தாலும் அடங்கும் என்பது கீதையின் 6-ஆம் அத்தியாயம் காட்டும் வழி. கலங்கிய காவிரி தெளிந்தாலன்றி அடிமணல் தோன்றாது.

துவாக்குடி முதலிய ஊர்களினின்று அரங்கனைச் சேவிக்க வரும் அடியார்கள், திருமதில் ஒவ்வொன்றைக் கடக்கையிலும் 'இது நானல்லேன்' என்று ஒன்றைக் கழித்துச் செல்வாராக. கர்ப்பக்ருஹத்தின் முன் 'அடியேன்' என்ற ஒரு சொல்லே எஞ்சும். அதுவே தன்னை அறிதல்.